யார் தாழ வேண்டும்?

‘தாழ்மையாயிரு’ என்று நமக்கு எதுக்குய்யா பிரசங்கம்? தாழ்ந்து தாழ்ந்து முதுகே கூனிப் போச்சு. தாழ வேண்டியவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

1845இல் கொடைக்கானலில் பங்களா கட்டிக் குளிர் காய்ந்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள், 1847இல் ஒன்றை மட்டும் சரியாகக் கேட்டார்கள்: சாதியை விட்டாயா? அப்படியானால் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு. மனந்திரும்பியதற்கு அத்தாட்சி கண்ணீரல்ல, சோறு! உபதேசியார்கள் உட்படப் பலர் முடியாதென்று சபைக்கு வெளியே நின்றார்கள். ஞானஸ்நானம் போனாலும் சாதி போகக்கூடாதாம்.

கத்தோலிக்கம் மட்டும் யோக்கியமா? வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் பீடம் ஒன்று, சாதிக்கொரு சிறகு, நடுவே சுவர். 1910இல்தான் இடித்தார்கள். சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டென்று 2016இல் ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. சரி, பாவசங்கீர்த்தனம் ஆச்சு. பரிகாரம்? நம் பிணத்தைத் தனியே புதைக்கிற ஊர்களுக்குக் கடப்பாரையோடு எந்தச் சாமியார் வரப்போகிறார்?