ஐம்பது நாற்காலி அரங்குக்கும் ஒரு நடுவர்

1839-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே வந்து இறங்கிய ஒரு நாடகக் குழு, கையில் இருந்த காசையெல்லாம் போட்டுக் கொட்டகை எழுப்பிவிட்டது. ஊரிலோ அந்த நேரம் மதப் பிரசாரக் கூட்டங்கள் சூடுபிடித்திருந்தன. நாடகம் பார்ப்பதே பாவம் என்று முழங்கியவர்களின் பேச்சு எடுபட்டது; நகர நிர்வாகம் கட்டவே முடியாத உரிமக் கட்டணத்தைக் குழுவின் தலையில் சுமத்தியது. அந்தக் குழுவுக்காகக் காசு வாங்காமல் வாதாடிக் கட்டணத்தை ரத்து செய்ய வைத்தார் ஓர் இளம் வழக்கறிஞர். அவர் ஆபிரகாம் லிங்கன். குழுவோடு வந்திருந்த பத்து வயதுச் சிறுவன் ஜோசஃப் ஜெஃபர்சன் வளர்ந்து பெரிய நடிகராகி, 1890-இல் வெளியிட்ட சுயசரிதையில் சொன்ன கதை இது.

அந்த ஜெஃபர்சனின் பெயரில்தான் சிகாகோ நகரம் தன் உள்ளூர் நாடகங்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. 'ரிப் வான் விங்கிள்' என்ற ஒரே வேடத்தை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடித்துத் தீர்த்த மனிதர் அவர். பிறந்தது ஃபிலடெல்ஃபியா, சிறுவனாகக் குடும்பக் குழுவோடு சிகாகோவில் மேடை ஏறியதுதான் அந்நகரத்தோடு அவருக்கு இருந்த முதல் உறவு. இன்று நாடகக்காரர்கள் அவரை உரிமையோடு 'ஜெஃப்' என்று சுருக்கிவிட்டார்கள்.

விருது 1968-இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் நடிகர்கள். ஏறக்குறைய ஐம்பது பேர் கொண்ட குழு இதை நடத்துகிறது. சம்பளம் கிடையாது, நாடகம் பார்க்கும் ஆர்வம்தான் மூலதனம். புதிய நாடகம் ஒன்று அரங்கேறும்போது நடுவர்களில் சிலர் போய்ப் பார்க்கிறார்கள். நடிப்போ இயக்கமோ ஒளியமைப்போ, ஏதாவது ஒன்று தேறுகிறது என்று அவர்கள் கருதினால் நாடகத்துக்கு 'ஜெஃப் பரிந்துரை' கிடைக்கும். அதன் பிறகே மற்ற நடுவர்கள் வந்து பார்ப்பார்கள். குழுக்களுக்கு இந்தப் பரிந்துரை உடனடியாகப் பயன்படுகிறது. ஆண்டு முடிவில் வரும் பரிசு டிக்கெட் விற்காது. அரங்கேறிய முதல் வாரத்திலேயே சுவரொட்டியில் ஏறும் ஒரு வரி விற்கும்.

இந்த விருதின் மிக நல்ல முடிவு 1973-இல் எடுக்கப்பட்டது. அமெரிக்க மேடை நடிகர்களுக்கு 1913 முதல் 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்ற தொழிற்சங்கம் உண்டு. சங்க நடிகர்களை வைத்து நாடகம் போட்டால் நிர்ணயித்த ஊதியம் தர வேண்டும். பெரிய அரங்குகளுக்குக் கட்டுப்படியாகும். பூட்டிக் கிடந்த கடையை வாடகைக்குப் பிடித்து, ஐம்பது நாற்காலி போட்டு, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் நடிப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. சிகாகோவில் 'ஸ்டோர்ஃப்ரன்ட்' நாடகம் என்று பெயர் வாங்கியது இந்தக் கடைமுகப்பு அரங்குகள்தாம். ஆரம்பத்தில் சங்க அரங்குகளை மட்டும் பார்த்துவந்த ஜெஃப் குழு, 1973 முதல் சங்கம் சாராத நாடகங்களுக்கும் தனிப் பிரிவு வைத்தது. ஒரே கலைக்கு இரண்டு பந்தியா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே பந்தி என்று வைத்திருந்தால் சின்னக் குழுக்களுக்கு இலையே விழுந்திருக்காது. பல லட்சம் டாலர் செலவில் எழும் அரங்க அமைப்பையும், அட்டையும் ஆணியும் கொண்டு கட்டிய அரங்க அமைப்பையும் ஒரே தட்டில் நிறுத்துவதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

நடிகை ஹெலன் ஹேய்ஸ் பெயரில் வாஷிங்டன் நகரம் தரும் விருதும் பல ஆண்டுகள் கழித்து இதே முடிவுக்கு வந்தது. நாடகத்தில் எத்தனை பேர் சங்க உறுப்பினர்கள் என்று பார்த்து, அவர் பெயரையே இரண்டாக உடைத்து, ஒரு பிரிவுக்கு 'ஹெலன்' என்றும் மற்றதற்கு 'ஹேய்ஸ்' என்றும் வைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட சின்ன அரங்குகளால் சிகாகோவுக்கு என்ன கிடைத்தது என்பதற்குச் சாட்சிகள் ஏராளம். 1970-களின் நடுவில் டேவிட் மாமெட் என்ற அறியப்படாத இளைஞர் எழுதி 'ஆர்கானிக் தியேட்டர்' மேடையேற்றிய நாடகத்துக்குச் சிறந்த புதிய சிகாகோ நாடகம் என்ற ஜெஃப் விருது கிடைத்தது. உலகமெங்கும் ஓடிய 'கிரீஸ்' இசை நாடகம் 1971-இல் முதலில் மேடையேறியது சிகாகோவின் ஒரு பழைய டிராம் கொட்டகையில். கேரி சினிஸ், டெர்ரி கின்னி, ஜெஃப் பெர்ரி ஆகிய மூவர் தொடங்கிய 'ஸ்டெப்பன்வுல்ஃப்' குழு, 1976-இல் புறநகர்த் தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. ஜான் மால்கோவிச் அங்கிருந்து வந்தவர்தான். அதே குழு 2007-இல் மேடையேற்றிய டிரேசி லெட்ஸின் 'ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி' மறு ஆண்டே புலிட்சர் பரிசையும் டோனி விருதையும் வென்றது.

டோனி விருதின் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது நியூயார்க்கில் உள்ள 41 பிராட்வே அரங்குகளுக்குள் நடக்கும் போட்டி. ஐந்நூறு இருக்கைகளாவது இல்லாத அரங்குக்கு அங்கே இடமில்லை. மாமெட்டையும் மால்கோவிச்சையும் அவர்களின் முதல் மேடையில் பார்த்திருக்க டோனி நடுவர்களுக்கு வழியே கிடையாது.

சங்கம் சாராத பிரிவில் ஜெஃப் குழு நீண்ட காலம் கடைப்பிடித்த இன்னொரு வழக்கமும் போற்றத்தக்கது. பரிசு ஒருவருக்குத்தான் என்ற கட்டாயம் அப்போது இல்லை. தகுதி இருந்தால் ஒரே பிரிவில் இரண்டு மூன்று பேர் வாங்க முடிந்தது. யாரும் தேறவில்லை என்றால் பிரிவைக் காலியாகவே விட முடிந்தது. தொலைக்காட்சிக்கு இது ஒத்துவராது, உறையைப் பிரிக்கும் பரபரப்பு போய்விடும். போனால் போகட்டும். லியர் அரசனாக நடித்தவரையும் ஒரு நகைச்சுவை நாடகத்தின் நாயகனையும் ஓடவிட்டு யார் முந்தினார் என்று பார்க்க, இதென்ன குதிரைப் பந்தயமா?

2018-இல் நடிகர், நடிகை என்ற பிரிவினையையும் நீக்கப்போவதாகக் குழு அறிவித்தது. வாஷிங்டன் பின்னர் அதே வழிக்கு வந்தது. டோனியில் இன்றும் தனித்தனிதான்.

இத்தனை பாராட்டுக்கும் நடுவே ஓர் உறுத்தல் இருக்கிறது. டிரேசி லெட்ஸ் 'ஆகஸ்ட்' எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதிய நாடகம் 'கில்லர் ஜோ', வன்முறை நிறைந்தது. 2010-இல் சிகாகோவின் 'புரொஃபைல்ஸ்' என்ற சிறிய அரங்கு அதைப் போட்டபோது, விமர்சகர்கள் அதன் தத்ரூபத்தை வியந்தார்கள். ஜெஃப் விருதுகளும் வந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 ஜூன் மாதம், 'சிகாகோ ரீடர்' வார இதழ் நீண்ட விசாரணைக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அந்த அரங்கில் நடித்தவர்கள் பலர் அதில் பேசியிருந்தார்கள். ஒத்திகையில் பேசிவைத்த சண்டை அசைவுகள் மேடையில் மீறப்பட்டதாகவும், உடம்பில் விழுந்த காயங்கள் உண்மையானவை என்றும், திரைக்குப் பின்னாலும் துன்புறுத்தல் நடந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். கட்டுரை வந்த சில நாட்களில் அரங்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த நடுவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரிந்திருக்காதுதான். அதனால்தான் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துத் தகுதியை முடிவு செய்வது போதாது. 2015-லேயே சிகாகோ நாடகக் கலைஞர்கள் 'நாட் இன் அவர் ஹவுஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, நடிகர் தேர்வு, ஒத்திகை, சண்டைக் காட்சி, நெருக்கமான காட்சி எல்லாவற்றுக்கும் நெறிமுறைகளை எழுதத் தொடங்கியிருந்தார்கள். 'சிகாகோ தியேட்டர் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற பெயரில் வெளியான அந்த ஆவணத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எந்தக் குழுவையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

விருது கொடுப்பவர்கள் கட்டாயப்படுத்த வேண்டும். எந்த நகரம் தன் மேடைகளுக்கு விருது வைத்தாலும், எழுதிவைத்த நடத்தை நெறியும் புகார் சொல்ல ஒரு வழியும் இருக்கும் குழுவே தகுதிப் பட்டியலுக்கு வரலாம் என்று விதி செய்யலாம். சின்னக் குழுக்களுக்கு இது சுமை என்ற ஆட்சேபம் வரும். சண்டைப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளக் காசு வேண்டும், சரிதான். ஒத்திகையின் முதல் நாளன்று, தயாரிப்பாளரையோ இயக்குநரையோ பற்றிப் புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்று நடிகர்களுக்கு ஒரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?