தாத்தா சைக்கிளுக்குப் பொய் வயது எதற்கு?



போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். தங்கிய விடுதி வாசலில் ஒரு பழைய சைக்கிள். பளபளவென்று சிவப்புப் பெயின்ட், கேரியரில் பூந்தொட்டி. பக்கத்தில் பலகை: "பிரிட்டிஷ் சைக்கிள், 1930." கூட வந்த பழைய மாணவன் செல்ஃபி எடுத்துவிட்டுச் சொன்னான்: "சார், எங்க தாத்தா சைக்கிளும் வீட்ல சும்மா கிடக்கு. இதே மாதிரி பெயின்ட் அடிச்சுக் கொடுத்தா நல்ல விலை தர்றாங்களாம்."

கல்யாண வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்: செய்யாதே.

அந்தச் சைக்கிளின் முன்பக்க வில்லையை விரலால் தடவிப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியிலும் எழுத்து தட்டுப்பட்டது. ஹெர்குலஸ், மேட் இன் இந்தியா. ஹெர்குலஸ் பர்மிங்ஹாம் கம்பெனிதான். ஆனால் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-இல். அதன் பிறகுதான் அம்பத்தூரில் ஹெர்குலஸ் செய்தார்கள். பிறகு எங்கிருந்து வந்தது 1930? ராலே என்று எழுதியிருந்தாலும் நாட்டிங்ஹாம் என்று முடிவு கட்டாதீர்கள். சென்-ராலே கம்பெனி வங்காளத்து அசன்சோலில் செய்தது.

வயது கண்டுபிடிக்க ஒரு அடையாளம் போதாது. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் எண் இருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் சீட்டுக்குக் கீழே அடித்திருக்கும். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ராலேயில் ஒரே மாதிரி எண்கள் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்ப வந்திருக்கின்றன. ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் பெரும்பாலும் அதில் ஆண்டு பொறித்திருக்கும். ஆனால் அது ஹப்பின் வயது. சக்கரம் மாற்றியிருந்தால் ஃபிரேமின் வயது வேறு. வில்லை, ஒட்டுப்படம், விற்ற கடையின் முத்திரை, எண் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பெயின்ட் கடைக்காரர் முதலில் சுரண்டி எறிவது இவற்றைத்தான்.

"இரும்புக் கடைக்குப் போவதற்கு இது மேல் இல்லையா சார்?" என்பீர்கள். எடைக்குப் போட்டால் சைக்கிள் மட்டும்தான் போகும். இப்படிச் செய்தால் சாட்சியும் போய், அதன் இடத்தில் பொய்யும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே செய்தவன். அப்பா பண்ணைக்காட்டு மேட்டில் வாழைத்தார் கட்டித் தள்ளிக்கொண்டு ஏறிய சைக்கிளை, முதல் சம்பளத்தில் ஆசையாகப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கடை முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. பழனியில் வாங்கியது என்பார் பெரியப்பா. வத்தலக்குண்டு என்பார் அம்மா. கேட்டுத் தெளிய இன்று இருவருமே இல்லை. சைக்கிள் மட்டும் இருக்கிறது, ஊமையாக.

வெள்ளைக்காரன் செய்தால்தான் பெருமையா? கூலிக்காசு சேர்த்து உன் தாத்தா வாங்கிய அம்பத்தூர்ச் சைக்கிளுக்கு என்ன குறை?

இதோ வீட்டுப்பாடம். துணியும் தேங்காய் எண்ணெயும் எடுத்து மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது. எண்ணையும் வில்லையையும் படம் எடுத்து, யார், எங்கே வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போட்டவன் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்