சொல்லை மாற்றினால் செயல் மாறுமா?

மனிதனொருவனைச் சாய்ந்த பலகையில் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, மூச்சுத் திணறும்வரை அதன்மேல் நீரை ஊற்றுவதற்குப் பெயர் யாது? சித்திரவதை என்போம். அமெரிக்க நாளேடுகளும் நெடுங்காலம் அவ்வாறே எழுதின. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைக் கணக்கிட்டுக் காட்டியது. 1930களின் தொடக்கம் முதல் 1999 வரை 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் இதுபற்றி வந்த 54 கட்டுரைகளுள் 44, இதனைச் சித்திரவதை எனக் குறித்தன. 2002 முதல் 2008 வரை வந்த 143 கட்டுரைகளுள் அவ்வாறு குறித்தவை இரண்டே! 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஏட்டிலோ 27க்கு 26 என்றிருந்தது, 63க்கு 3 எனச் சுருங்கிற்று.

இடையில் மாறியது எது? நீரா, துணியா, மனித நுரையீரலா? ஊற்றிய கை மாறியது. 2002இல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. தன் கைதிகள்மீது இதனைக் கையாளத் தொடங்கியது. காலித் ஷேக் முகமது என்னும் கைதிக்கு 2003 மார்ச்சில் மட்டும் 183 தடவை நீர் ஊற்றப்பட்டதாக அரசு ஆவணமே கூறுகிறது. 'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறை' என்று அரசு அதற்கு நாமகரணம் சூட்டியது. 'கடுமையான விசாரணை' என்று ஏடுகள் எழுதின.

சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. அச்சொல்லை எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்ததாகும் என்றனர் ஆசிரியர்கள். அந்த வேறுபாட்டை உண்டாக்கியவர் யார்? 2002 ஆகஸ்டில் அதே அரசின் நீதித்துறை வழக்கறிஞர்கள், உறுப்புச் செயலிழப்புக்கு ஈடான வலி இருந்தாலன்றி அது சித்திரவதையாகாது என எழுதிக் கொடுத்தனர். குற்றம் சாட்டப்பட்டவனே வரையறையைத் திருத்தி எழுதுவானாம். அதற்கு மதிப்பளிப்பது நடுநிலையாம்! வேற்று நாட்டார் இதனைச் செய்தபோது எந்த ஆசிரியரும் அந்நாட்டு வழக்கறிஞரின் கருத்துக்காகக் காத்திருக்கவில்லை.

கத்தோலிக்கராகிய நாம் இதைப் பேசுகையில் சற்றுக் கூச்சத்தோடுதான் பேசவேண்டும். ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றம் துணியும் நீரும் கொண்டு இதே கொடுமையைச் செய்தது. ஆயினும் தன் ஏடுகளில் அதனை வதை என்றே பதிவு செய்தது. அச்செயலுக்கு இது நியாயமாகாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உடல், உள வதைகளை இழிசெயல்களின் வரிசையிலேயே வைத்தது. ஆனால் அவ்விசாரணையாளர்களிடம் இருந்த சொல்நேர்மைகூட இருபத்தோராம் நூற்றாண்டுப் பத்திரிகையாளரிடம் இல்லாமற் போயிற்றே!

2014 ஆகஸ்டு முதல் நாள், சிலரைச் சித்திரவதை செய்தோம் என்று அதிபர் ஒபாமா தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அடுத்த சில நாள்களில், இனி அச்சொல்லைப் பயன்படுத்துவோம் என 'நியூயார்க் டைம்ஸ்' ஆசிரியர் அறிவித்தார். அவ்விசாரணை முறையை ஒபாமா தடைசெய்து அப்போது ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.