ஓர் அடைப்புக்குறி குறைந்தபோது



பேரா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பட்டணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் இரவு இரண்டு மணி வரை கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறானாம். "என்னப்பா செய்யுறே?" என்று கேட்டால், "எழுதுற கருவியைச் சரிசெய்யுறேன்மா" என்கிறானாம். "கருவியையே சரிசெய்துகொண்டிருந்தால் எப்போதுதான் எழுதுவான்? இது படிப்பா, விளையாட்டா? வாத்தியாரய்யா சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாயார்.

கடிதத்தின் அடியில் மகனும் இரண்டு வரி சேர்த்திருக்கிறான். "சார், ஈமேக்ஸ் திறக்கிறது. ஆனால் நான் செய்துவைத்த மாற்றங்களில் பாதிதான் வேலை செய்கின்றன. என்ன செய்வது?"

தாய்க்கும் மகனுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அம்மா, ஈமேக்ஸ் என்பது கணினியில் எழுதுவதற்கான ஒரு கருவி. 1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவரும் அவருடைய தோழர்களும் இதை உருவாக்கினார்கள். இன்று பலரும் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸை ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

பால்வெட்டும் கத்தியைக் கடையில் வாங்கியபடியே கொண்டுபோய் யாராவது மரத்தில் வைப்பார்களா? தீட்டி, பிடியைத் தன் கைக்கு வாகாக்கிக்கொண்ட பிறகுதானே நிரைக்குப் போவார்கள்! உங்கள் மகன் செய்வதும் அதுதான். ஈமேக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. நாம் செய்யும் மாற்றங்களையும் அதே மொழியில்தான் எழுதுகிறோம். ஆகவே எந்த விசை என்ன செய்ய வேண்டும், எந்தச் சொல்லைத் தட்டினால் எந்த வாசகம் முழுதாக வந்து விழ வேண்டும் என்பதையெல்லாம் நாமே சொல்லிக் கொடுக்கலாம். இவற்றை எழுதி வைக்கும் இடத்துக்குத் தொடக்கக் கோப்பு என்று பெயர். ஈமேக்ஸ் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

இனி என் கதையைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டம் கைமாறிய வருடம் அது. பழைய லயத்தில் குடியிருந்த 14 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது. மாற்று வீடு கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுப்பதென்று முடிவாயிற்று. மறுநாள் நண்பகலுக்குள் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பம் மலாய் மொழியில். ஆனால் அதன் தமிழ் நகலும் கூடவே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்த காலம் நம் தாத்தாவோடு போகட்டும் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய கணினி. அதில் ஈமேக்ஸைப் போட்டுக் கொடுத்தவன் என் பழைய மாணவன். 'கண்ட்ரோல்' விசையோடு பின்சாய்கோட்டைத் தட்டினால் தமிழ் வரும். ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் திரையில் 'அம்மா' என்று விழும். அன்று மாலை, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் வீட்டு எண்ணும் தானாகவே வந்து அமரும்படி ஒரு புதிய கட்டளையைத் தொடக்கக் கோப்பின் நடுவில் எழுதினேன். பெருமையோடு கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரவு பத்து மணிக்குத் திறந்தால், புதிய கட்டளையும் இல்லை, தமிழும் இல்லை! தமிழ் விசையைத் தட்டினால், "எந்த முறையில் எழுத வேண்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறது. அந்த முறையின் பெயரைத் தட்டியிருந்தால் அப்போதே தமிழ் வந்திருக்கும். பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. திரையின் ஒரு பகுதியில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை நின்றது. படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு முடிந்துவிட்டது என்பது அதன் பொருள்.

'முடிந்துவிட்டது' என்கிறதே, அப்படியானால் கோளாறு கடைசி வரியில்தான் என்று முடிவு கட்டினேன். நல்லபடியாக இருந்த கடைசி வரிகளையெல்லாம் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி எழுதி, இருந்ததையும் கெடுத்தேன். பிள்ளைகள் கணக்கில் இப்படிச் செய்தால் நான் என்ன திட்டுத் திட்டுவேன் என்று என் வகுப்புக்குத் தெரியும்.

வெட்கத்தை விட்டு அந்த மாணவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "சார், கடைசி வரியை விட்டுடுங்க. எங்கேயோ ஓர் அடைப்புக்குறியைத் திறந்துட்டு மூடாம விட்டிருக்கீங்க. அது மூடும் மூடும்னு காத்திருந்து கோப்பு முடியுற வரைக்கும் போயிருக்கு" என்றான். திறந்த குறிக்குக் கீழே இருந்த அத்தனை வரிகளையும் அந்த ஒரு கட்டளையின் வயிற்றுக்குள்ளேயே ஈமேக்ஸ் போட்டுக்கொண்டதாம். தமிழ் எழுத்துக்கான வரி அதற்குக் கீழேதான் இருந்தது. மேலே இருந்தவை மட்டும் பிழைத்தன.

தம்பி, உன் 'பாதி வேலை செய்கிறது' என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கலாம். அவன் எனக்குச் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன்.

ஈமேக்ஸை மூடிவிட்டு, கட்டளை வரியில் 'ஈமேக்ஸ்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறுகோடும் பெரிய எழுத்து 'க்யூ'வும் போட்டுத் திற. உன் மாற்றங்கள் எதையும் படிக்காமல், பிறந்த மேனியாக அது திறக்கும். கோளாறு அப்போதும் இருந்தால் தப்பு உன் கோப்பில் இல்லை. கோளாறு மறைந்துவிட்டால் உன் கோப்பில்தான். பிறகு அங்கிருந்தே தொடக்கக் கோப்பைத் திறந்து, 'ஆல்ட்' விசையோடு 'எக்ஸ்' தட்டி, 'செக்' சிறுகோடு 'பேரன்ஸ்' என்று எழுது. மூடப்படாத குறி எதுவோ அங்கே போய்ச் சுட்டி நிற்கும். எனக்கு அது அன்று மாலை நான் எழுதிய கட்டளையின் முதல் குறியில் போய் நின்றது. கடைசியில் ஒரே ஓர் அடைப்புக்குறி! போட்டேன், எல்லாம் வந்துவிட்டது. கெடுத்த வரிகளைத் திருத்தத்தான் நேரம் பிடித்தது. சேமிக்கும்போது ஈமேக்ஸ் பழைய பிரதியைப் பெயரின் கடைசியில் ஒரு நெளிகோடு போட்டுப் பக்கத்திலேயே வைத்திருக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

அடைப்புக்குறிகள் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லையா? லயத்துத் தண்ணீர்க் குழாயில் ஒழுகல் எங்கே என்று எப்படித் தேடுவோம்? நடுவில் அடைத்துப் பார்ப்போம் அல்லவா? அதுபோலக் கோப்பின் பாதிக் கட்டளைகளில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அரைப்புள்ளியிட்டால் ஈமேக்ஸ் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடும். திறந்து பார். கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறதோ, அதில் மறுபடியும் பாதி. கோப்பு 200 வரி இருந்தாலும் எட்டு முறைக்குள் ஏறக்குறைய அந்த வரிக்கே வந்துவிடலாம். ஒரு கட்டளையை நடுவில் மட்டும் வெட்டிவிடாதே, புதிய தப்பு முளைக்கும்.

இன்னொன்று. பிறர் எழுதிய மாற்றங்களை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் பழக்கம் உனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாகச் சேர், சேர்த்தவுடன் மூடித் திறந்து பார். எதற்காகச் சேர்த்தாய் என்று பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி எழுதி வை. இரவு பன்னிரண்டுக்கு மேல் எதையும் சேர்க்காதே.

அன்றைய விண்ணப்பத்துக்கு வருகிறேன். நள்ளிரவு தாண்டித்தான் அச்சடித்து முடித்தேன். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் தமிழ் நகலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தேன். படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் என்னையே படிக்கச் சொன்னார். பாதியில் கையை நீட்டித் தடுத்தார்.

"வாத்தியாரய்யா, முப்பது வருசம்னா போட்டிருக்கீங்க? நான் இந்த லயத்துக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பத்தாறு வருசமாச்சு. என் மூத்த மகன் வயசைக் கேட்டுப் பாருங்க."

பிழை மலாய் விண்ணப்பத்திலும் இருந்தது. ஓடிப்போய் இரண்டிலும் திருத்தி அச்சடித்தேன். அதன் பிறகே பாட்டி கைநாட்டு வைத்தார். நண்பகலுக்கு முன் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில், இது படிப்புதான். ஆனால் இந்த விடுமுறை முடிவதற்குள் அந்தக் கருவியில் உங்களுக்காக ஒரு கடிதம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், தமிழில். தம்பி, மறுபடியும் கோளாறு வந்தால், திரையில் தெரிந்த எச்சரிக்கையை ஒரு சொல் விடாமல் அப்படியே எழுதி அனுப்பு. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.