யார் பணத்தில் கட்டிய அணை?

நிலக்கோட்டைப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கதை வராமல் போகாது. பாதி கட்டிய பெரியாற்று அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாம், சர்க்கார் கையை விரித்ததாம், அதைக் கட்டிய பொறியாளர் கர்னல் பென்னிகுவிக் சீமைக்குப் போய் வீட்டையும் மனைவியின் நகைகளையும் விற்றுவந்து அணையை முடித்தாராம். மேடையிலும் சொல்கிறார்கள், வாட்ஸப்பிலும் சுற்றுகிறது. எந்த வீடு, எந்த ஊர், எவ்வளவுக்குப் போனது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

வெள்ளம் நிஜம். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகள் அடித்துச் செல்லப்பட்டதும் நிஜம். மற்றதைக் கணக்கு ஏற்கவில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. நீர்ப்பிடிப்புக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷம் 40,000 ரூபாய். மறு ஆண்டு வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். செலவு அந்தக் காலத்து ரூபாயில் ஏறத்தாழ ஒரு கோடி. சம்பளத்துக்கு வேலை பார்த்த ராணுவப் பொறியாளர் ஒருவர் எத்தனை வீட்டை விற்றால் அதில் ஒரு மூலை நிரம்பும்? விற்றே கொடுத்தாலும் சர்க்கார் வேலைக்குள் சொந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

சர்க்கார் ஏன் செலவழித்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875இல். அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம். தண்டவாளம் இருந்தும் ஜனம் பட்டினியில் செத்தது. அந்த அடிக்குப் பிறகுதான் நெடுநாள் கிடப்பில் இருந்த பெரியாற்றுத் திட்டம் வேகம் பிடித்தது. தண்ணீர் வந்தால் நிவாரணச் செலவு மிச்சம்; புஞ்சை நஞ்சையானால் தீர்வையும் ஏறும். வைகையில் இறங்கி வரும் பெரியாற்று நீரைப் பேரணை என்ற தடுப்பணையில் திருப்பிக் கால்வாயில் விட்டார்கள். கள்ளந்திரி வரை இருபோகம் விளைந்தது. அந்த விளைச்சலுக்கு வரி கட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். போட்ட முதலை அவர்களிடம்தான் வசூலித்தார்கள்.

நகைக் கதை இதையெல்லாம் துடைத்துவிடுகிறது. குடியானவன் வரி கொடுத்துக் கட்டிய அணை, துரை ஒருவரின் கொடையாகிவிடுகிறது. கொடையைக் கும்பிடலாம், கணக்குக் கேட்க முடியாது.

பென்னிகுவிக்குக்கும் அது நியாயம் செய்யவில்லை. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற யோசனை 1789இலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்கு இருந்தது. செலவுக்கு அஞ்சிக் கைவிட்டார்கள். பென்னிகுவிக் செய்துகாட்டினார். காய்ச்சல் காட்டில், சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்து, 170 அடிக்கு மேல் அணை எழுப்பி, மலையைக் குடைந்து 5,700 அடிச் சுரங்கம் வழியே தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளினார். சொல்ல வேண்டிய சாதனை இது. இதை விட்டுவிட்டு நாம் நகைக்கடைக்குப் போய் நிற்கிறோம்.

அதே காட்டில் நோயில் மட்டும் 483 பேர் செத்தார்கள் என்கிறது குறிப்பு. அணைக்கு வடக்கே புதைத்தார்கள். அவர்கள் வீட்டில் எதை விற்றார்கள் என்று யாரும் கதை கட்டவில்லை.

லோயர் கேம்பில் உள்ள பென்னிகுவிக் மணிமண்டபத்தில் ஜனவரி 15 அன்று, அவர் பிறந்த நாளில், பொங்கல் வைக்கிறார்கள். வைக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அணைக்கான பில் எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1970 ஒப்பந்தத்தில் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. அதைக் கேரளத்துக்குக் கட்டுவது தமிழக அரசின் கஜானா.