பல்கலைக்கழகச் சங்கமும் மலையக மாணவரும்: மஜ்லிஸ் எங்கே நிற்கிறது?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ "சங்கம்" என்று சொன்னால் ஒன்றுதான் விளங்கும். தொழிற்சங்கம். சம்பளத்தில் சந்தா வெட்டப்படும். தோட்டத்தில் ஒரு தலைவர் இருப்பார். பிரச்சினை வந்தால் அவர் காரியாலயத்துக்குச் சொல்வார், அங்கிருந்து துரைக்குத் தொலைபேசி போகும். அங்கத்தவரின் வேலை சந்தாவோடு முடிந்துவிடும். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் இன்னொரு சங்கத்தைக் காண்கிறது. அங்கும் தலைவர்கள், அங்கும் கூட்டம், அங்கும் "மேலிடத்தில் கதைத்துவிட்டோம்" என்ற பதில். நகரத்தில் கடை வைத்திருக்கும் எமது குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த அனுபவமும் கிடையாது. அவர்கள் நேரே முஸ்லிம் மஜ்லிஸுக்குப் போய், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் இன்றுவரை ஓர் அரச பல்கலைக்கழகம் இல்லை. மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் என்பது தேர்தல் மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி. ஆகவே இங்குள்ள பிள்ளைகள் பேராதனைக்கோ சப்ரகமுவவுக்கோ ஊவா வெல்லஸ்ஸவுக்கோ, இல்லாவிட்டால் ஒலுவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டும். கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று என்பதால், மாவட்டக் கோட்டாவுக்கு மேலதிகமாக அந்த 5 வீத ஒதுக்கீட்டிலும் பங்கு உண்டு. (அந்தச் சலுகைக்காக வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கு வந்து உயர்தரம் எழுதுவது தனிக்கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.) 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய இரண்டரை வீதம். நகரத்துக் கடைவீதிகளும் ஹப்புகஸ்தலாவை போன்ற ஊர்களும்தான் எமது இருப்பு. இவ்வளவு சிறிய தொகையினர் தனியாகப் பேரம் பேசி எதையும் பெறமுடியாது என்பதைக் கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு விளக்கவேண்டியதில்லை.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ்தான் மாணவர் சங்கங்கள் இயங்குகின்றன. பீடத்துக்கு ஒரு சங்கம், முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பொதுச் சங்கம், கணக்கைக் கவனிக்க ஆசிரியர் தரப்பிலிருந்து ஒரு சிரேஷ்ட பொருளாளர் என்பது வழக்கமான அமைப்பு. மஜ்லிஸும் தமிழ்ச் சங்கமும் வேறு வகை. அவை அங்கீகரிக்கப்பட்ட கழகங்கள். இப்தார் நடத்தலாம், மீலாத் விழா எடுக்கலாம், மலர் வெளியிடலாம். விடுதி, மகாபொல, பரீட்சைத் திகதி என்று வரும்போது நிர்வாகம் மாணவர் தரப்பாகக் கருதி மேசைக்கு அழைப்பது பொதுச் சங்கத்தை. எமது பிள்ளைகள் பலருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பொதுச் சங்கத்தின் மீது சிறுபான்மையினருக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1983 மே மாதம், ஜூலைக் கலவரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். 1986 டிசம்பரில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுயாதீன மாணவர் சங்கத் தலைவர் தயா பத்திரண கொல்லப்பட்டார். மாற்றுக் கருத்துள்ள ஒரு சிங்கள மாணவத் தலைவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1978இல் உருவான அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் நீண்டகாலம் ஜே.வி.பி.யின் செல்வாக்கில் இருந்தது. 2012இல் அக்கட்சி உடைந்தபோது ஒன்றியம் முன்னிலை சோசலிசக் கட்சியின் பக்கம் சாய்ந்தது. எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும், லயனிலிருந்து வந்த பிள்ளை அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொல்றாங்க?" என்று கேட்கும் நிலை பெரிதாக மாறவில்லை.

அடுத்தது பகிடிவதை. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு 20ஆம் இலக்கத் தடைச் சட்டம் வந்தது. 2025 ஏப்ரலிலும் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மரணத்தோடு பகிடிவதைக் குற்றச்சாட்டு எழுந்தது. இதைப் பெற்றோர் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். என் பார்வையில் இது சங்கத்தின் வாக்காளர் பட்டியலோடு சம்பந்தப்பட்டது. பகிடிவதையை ஏற்காத மாணவரை "அலயா" என்று முத்திரை குத்தி, சங்கத்தின் பக்கமே வரவிடாமல் ஒதுக்குவது பேராதனையின் பழைய வழக்கம். முதல் மூன்று மாதம் மண்டியிட்டவர்களுக்கு மட்டும் வாக்கும் பதவியும் என்றால், மார்க்கத்தையும் மானத்தையும் நினைத்து ஒதுங்கிய பிள்ளைக்கு அந்தச் சங்கத்தில் இடமே இல்லை. எமது பிள்ளைகள் மஜ்லிஸுக்குள் ஒதுங்குவதற்குப் பாதிக் காரணம் இது.

இருந்தும் ஒதுங்கியிருப்பதால் என்ன கிடைத்தது? 2022 ஆகஸ்ட் 18ஆம் திகதி ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே கைதாகி, பின்னர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார். அந்த வழக்கிலிருந்து அவர் விடுபட 2023 ஜனவரி 31 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்பதைத் தென்னிலங்கை மாணவர்களுக்கு முன்பே அறிந்தவர்கள் நாம். 2020இல் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வும் கவிஞர் அஹ்னாப் ஜஸீமும் இதே சட்டத்தின் கீழ்தான் உள்ளே போனார்கள். யுத்த காலத்தில் மலையக இளைஞர்களும் இதில் அகப்பட்டார்கள். மூன்று தரப்புக்கும் ஒரே சட்டம், ஒரே அனுபவம். ஆனால் மூன்று தரப்பும் ஒன்றாக இருந்து பேசிய மேசை எதுவும் என் கண்ணில் படவில்லை. அப்படிப் பேசுவதற்கு இயல்பான இடம் பல்கலைக்கழக மாணவர் சங்கமாகத்தான் இருந்திருக்க முடியும்.

மலையகத் தமிழ் மாணவர்களுடன் எமக்கு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். வரலாறு பதில் வைத்திருக்கிறது. இலங்கை இந்தியன் காங்கிரஸின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் அப்துல் அஸீஸ். 1956இல் தொண்டமானிடமிருந்து பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தவரும் அவரே. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு முஸ்லிமைத் தலைவராக ஏற்றார்கள். அவரும் தன்னை முஸ்லிம்களின் பிரதிநிதியாக அங்கே நிறுத்தவில்லை. இன்று எமது மாணவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையுடன் காலிமுகத்திடலில் திரண்டு 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டார்கள். பெரிய தொழிற்சங்கங்களின் அழைப்புக்குக் காத்திராமல், சமூக ஊடகங்கள் வழியாகச் சேர்ந்த கூட்டம் அது. சந்தாவோடு வேலை முடிந்தது என்ற பழைய பழக்கத்தை அந்தத் தலைமுறை உடைத்துவிட்டது. அதன் தம்பி தங்கைகள்தான் இப்போது பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். பொதுச் சங்கத்துக்குள் தமிழ் பேசும் மாணவர் தரப்பு ஒன்று உருவாகும் என்றால் முன்கை எடுக்கப் போகிறவர்கள் அவர்கள். அப்போது மஜ்லிஸ் எங்கே இருக்கும் என்பதை இப்போதே யோசிக்கவேண்டும்.

"முஸ்லிம் வேட்பாளர்" என்று ஒருவரை நிறுத்தி வாக்குத் திரட்டுவதை நான் சொல்லவில்லை. நாட்டு அரசியலில் அந்த வழியின் பலனைப் பார்த்தாயிற்று. வளாகத்தில் அது இன்னும் வேகமாக இனவாதமாகும். பொதுக் கோரிக்கையோடு போகவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் சொல்கிறது. சங்கத்தின் அறிவித்தலும் கூட்டக் குறிப்பும் இரு மொழியிலும் வேண்டும் என்று யாப்பில் எழுதவைக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அந்தக் காசு மாதாமாதம் நேரத்துக்கு வருகிறதா என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் பொகவந்தலாவைக் கடைக்காரர் மகளுக்கும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரே கவலை. பகிடிவதையை ஏற்காதவருக்கும் வாக்குரிமை என்பதை நிர்வாகத்தின் உத்தரவாக இல்லாமல் மாணவர் கோரிக்கையாகவே வைக்கலாம். அதற்குச் சிங்கள மாணவர் பலரும் கை தூக்குவார்கள்.

"அரசியல் வேண்டாம், படிச்சிட்டு வா மகன்" என்று வாப்பாமார் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை. 2019க்குப் பிறகு அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இன்றைய ஜனாதிபதியே களனிப் பல்கலைக்கழக மாணவர் அரசியலிலிருந்து வந்தவர். அவரது கட்சி 2024 நவம்பரில் நுவரெலியாவின் எட்டு ஆசனங்களில் ஐந்தை எடுத்தது. நாட்டை யார் நடத்துவது என்பது எங்கே தீர்மானமாகத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேடவேண்டியதில்லை.

புதிய தொகுதி மாணவர்கள் வரும்போது மஜ்லிஸ் சகோதரர்கள் அன்போடு வரவேற்று, தொழுகை அறை எங்கே, ஹலால் சாப்பாடு எங்கே, விடுதி விண்ணப்பம் எப்படி என்றெல்லாம் வழிகாட்டுகிறார்கள். அதற்கு அல்லாஹ் கூலி தருவான். அதோடு பீடச் சங்கத் தேர்தல் எப்போது, வேட்புமனு எங்கே கொடுப்பது, சங்கத்தின் கணக்கை யாரிடம் கேட்பது என்று இன்னொரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் செலவு கூடிவிடாது.