கிரவுன் உடைஞ்சா டிரைவர் காசு கொடுக்கணுமா?

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வந்ததும் ஒரு சினிமா பதிவு போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வந்த அன்றைக்கே சித்தப்பா வீட்டில் ஒரு கூத்து. அதைப் பார்த்த பிறகு சினிமா பற்றி எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கிரீஸ் வாடையும் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரெட்டிபாளையம், அரியலூர் மாவட்டம். தெரியாதவர்களுக்காக: கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடலாக இருந்த இடம். அந்தக் கடல்தான் இப்போது சுண்ணாம்புக்கல்லாகக் கிடக்கிறது. அதைத் தோண்டி சிமெண்ட் ஆக்குகிறார்கள். ஆக, ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது டிப்பர் லாரி. என் சித்தப்பாவுக்கும் அதுதான். நடைக்கு இவ்வளவு என்று கூலி.

போன மாதம் அவர் ஓட்டிய டிப்பரில் கிரவுன் போய்விட்டது. லோடோடு பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது பின்னால் 'டொம்' என்று சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போய்ச் சரி பண்ணினார்கள். அப்புறம் முதலாளி சொன்ன தீர்ப்பு: "நீ ஓட்டும்போதுதானே உடைஞ்சுது? பாதிக் காசு உன் கணக்கு." பாதி என்றால் 18,000 ரூபாய். மாதம் 3,000 வீதம் ஆறு மாதம் பிடித்தம். (முதலாளி யார் என்று கேட்காதீர்கள். சொன்னால் சித்தப்பாவுக்கு வேலை போய்விடும், எனக்கு வீட்டில் சோறு போய்விடும்.)

சித்தி அழுகிறார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. ஏன் என்றால் இதே தப்பை நானே ஒருத்தனுக்குச் செய்திருக்கிறேன், அதுவும் ஒரு பொம்மை வண்டிக்காக.

கிளாஸ்மேட்டுகளுக்குத் தெரியும். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பழைய ரிமோட் மான்ஸ்டர் டிரக் ஒன்று வாங்கினோம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சக்கரமும் இழுக்கும். பொம்மைதான் என்றாலும் உள்ளே இருப்பது அசல் சமாச்சாரம். முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், பின்னால் ஒன்று. அந்தப் பின் டிஃபரன்ஷியல் ஒரே செமஸ்டரில் நாலு தடவை போச்சு.

முதல் தடவை சின்னப் பினியனில் மூன்று பல் காணோம். புதுசு போட்டோம். இரண்டே வாரத்தில் மறுபடி அதே பல். அப்போது ரிமோட் கையில் வைத்திருந்தவன் ஒருத்தன் (பெயர் போட்டால் அடிப்பான்), இரண்டு தடவையும் அவன்தான். "நீ ஓட்டுற லட்சணம்தான்டா" என்று எல்லோரும் சேர்ந்து அவன் தலையில் கட்டினோம். இரண்டாவது செட்டுக்கு முழுக் காசும் அவனே கொடுத்தான். முன்னின்று வசூல் பண்ணியவன் நான்தான்.

அப்புறம் பெரிய புத்திசாலிகள் மாதிரி ஸ்டீல் பல் வாங்கிப் போட்டோம். இந்த விளையாட்டில் எவனைக் கேட்டாலும் முதலில் சொல்வது "ஸ்டீல் போடு மச்சி" என்பதுதான். போட்டோம். பல் உடையவில்லை. டிரைவ் ஷாப்ட் முறுக்கிக்கொண்டு போச்சு! நாலாவது தடவை உள்ளே இருக்கிற குட்டி ஸ்டார் கியர்கள் தூள். ரிமோட் அன்றைக்கு என் கையில் :-)

என் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உடைந்த சாமான்களை எல்லாம் ஒரு நியூஸ் பேப்பரில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பினியன் பல்லின் நுனியில் மட்டும் பளபளப்பு, அடியில் தேய்ந்த தடமே இல்லை. அதாவது இரண்டு சக்கரமும் ஆழமாகப் பிடிக்காமல் விரல் நுனியால் கை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஏன்? பினியன் பேரிங்கில் ஆட்டம். டிஃபரன்ஷியல் கூடு பிளாஸ்டிக், லோடு வந்தால் விரிகிறது. பெரிய சக்கரத்தின் முதுகுப் பக்கம் போட வேண்டிய ஷிம், முன்னாடி வைத்திருந்த புண்ணியவான் காலத்திலேயே காணாமல் போயிருக்கிறது. நாங்கள் நாலு தடவையும் பல்லை மாற்றினோமே தவிர, பேரிங்கைத் தொடவே இல்லை.

இன்னும் இருக்கிறது. 2எஸ் பேட்டரி, அதாவது 7.4 வோல்ட் போட்டிருந்த இடத்தில், வேகம் வேண்டும் என்று 3எஸ், 11.1 வோல்ட் மாட்டியிருந்தோம். வோல்ட் ஒன்றரை மடங்கு, சக்கர வேகமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் சுற்றுகிற சக்கரத்தில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கம், அதாவது இரண்டே கால் மடங்கு. வண்டி மேட்டில் எகிறி அந்தரத்தில் இருக்கும்போது சக்கரம் சும்மா சுற்றுகிறது. தரையில் விழுந்த கணம் அவ்வளவு ஆற்றலும் எங்கே போகும்? நேரே அந்தப் பல்லுக்கு. இதைத் தாங்கத்தான் ஸ்லிப்பர் கிளட்ச் என்று ஒன்று வைத்திருக்கிறான், அதிர்ச்சி வந்தால் வழுக்கிக் கொடுக்கும். நாங்கள் அதன் நட்டை 'பிக்கப் வேணும்' என்று இறுக்கி முறுக்கி வைத்திருந்தோம்.

கடைசியில் என்ன செய்தோம்? இரண்டு பேரிங் மாற்றினோம். கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கத்தரித்து ஷிம் செய்தோம் (அந்தத் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர், இதற்கென்றே செய்த மாதிரி). ஸ்லிப்பர் நட்டைத் தளர்த்தினோம். அப்புறம் அதே ஆள்தான் ஓட்டினான், அதே லட்சணத்தில். டிஃபரன்ஷியல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவனிடம் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தோமா? இந்தப் பதிவு போட்ட அப்புறம் கொடுத்தே ஆகணும்.

நிஜ மான்ஸ்டர் டிரக்கின் கதையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் என்பவர் 1974 மாடல் ஃபோர்டு பிக்கப் ஒன்றைப் பெரிய டயர் போட்டு ஓட்டி, ஓயாமல் சாமான்களை உடைத்துக்கொண்டிருந்தார். "உன் பெரிய பாதம்தான் காரணம்" என்று கூட வேலை பார்த்தவர் கிண்டல் செய்தார். ஆக்சிலேட்டரை மிதிக்கிற பாதம். அந்தக் கிண்டல்தான் 'பிக்ஃபுட்' என்று வண்டிக்கே பெயரானது. 1981-இல் அது கார்கள் மேல் ஏறி நசுக்கியதில் இந்த விளையாட்டே பிறந்தது. கவனியுங்கள், அவர் காலை வெட்டிக்கொள்ளவில்லை. ராணுவ லாரியின் ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டினார். பெரிய டயர் போட்டால் பெரிய ஆக்சில் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டார்.

சரி, சித்தப்பா லாரிக்கு வருவோம்.

அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். உடைந்த டெயில் பினியனையும் கிரவுன் துண்டையும் பட்டறையில் கேட்டு வாங்கிச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். (இரும்புக் கடையில் போட்டால் டீ செலவுக்காவது ஆகும் என்றுதான், வேறு நோக்கம் ஒன்றுமில்லை!) மண்ணெண்ணெயில் கழுவித் திண்ணையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பினியனில் இரண்டு பல் இல்லை. ஒன்றின் உடைந்த முகம் வெளிர் சாம்பல், சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பொரபொரப்பு. அது ஒரே அடியில் உடைந்தது. இன்னொன்று வேறு மாதிரி. பல்லின் அடி மூலையில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, அலை வந்து போன மணலில் தெரியுமே, அந்த மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். முக்கால் பரப்பு வழுவழுப்பாகக் கறுத்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொரபொரப்பு. மெட்டீரியல் சயின்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும், இதற்குப் பெயரே கடற்கரைக் கோடுகள். உலோகக் களைப்பு. ஒரு சின்னக் கீறல் ஒவ்வொரு லோடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, மிச்சம் தாங்க முடியாத அன்று பட்டென்று போகும். அந்தப் பல் போனதும் அதன் பாரம் பக்கத்துப் பல்லுக்கு வந்து அதுவும் போயிருக்கிறது.

சித்தப்பா அந்த வண்டியை எடுத்து மொத்தம் 11 நாள்தான் ஆகியிருந்தது. கறுத்துப் போகிற அளவு அந்தக் கீறல் பழையது. அவர் கைக்கு வரும்போதே பல் வெடித்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. கிரவுனும் டெயில் பினியனும் ஜோடியாகவே ஒன்றோடொன்று உராய விட்டுப் பதம் பார்த்து வருபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருப்பார்கள். ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். திண்ணையில் கிடந்த இரண்டிலும் எண் வேறு வேறு! அதாவது போன தடவை உடைந்தபோது, செலவு மிச்சம் என்று பினியனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கிரவுனோடு ஓட்டியிருக்கிறார்கள். போன தடவையா என்கிறீர்களா? ஆமாம். அதே லாரிக்கு இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் மூன்று வேறு டிரைவர்கள். மூன்று பேரிடமும் பிடித்தம்.

மூன்று டிரைவர் மாறியும் மாறாதது எது? அந்த லாரி, அந்தப் பள்ளம், அந்த லோடு, அந்தப் பட்டறை வேலை. பொம்மை வண்டி வைத்திருக்கிறவனுக்கே இது எட்டுகிறது.

லோடைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. மூன்று ஆக்சில் வண்டிக்கு மொத்தம் 25 டன்னாக இருந்தது 28.5 டன் ஆனது. அதற்கு மேலும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ரோலர் பேரிங்கின் ஆயுள், சுமை ஏற ஏற அதன் 10/3 அடுக்கில் குறையும். சுமை ஒன்றரை மடங்கு ஆனால் ஆயுள் கிட்டத்தட்ட கால்வாசி. நாலு வருஷம் உழைக்க வேண்டியது ஒரே வருஷம். பேரிங் தேய்ந்தால் டெயில் பினியன் ஆடும். ஆடினால் பல்லின் நடுவில் படவேண்டிய பாரம் ஓரத்தில் படும். ஓரத்தில் பட்டால் அடி மூலையில் கீறல் விழும். மேலே பார்த்த கோடுகள் அங்கேதான் ஆரம்பம்.

மழை நாளில் பள்ளத்தில் இன்னொன்று நடக்கும். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும். மறுபக்கம் நிற்கும். டிஃபரன்ஷியலின் குணமே அதுதான், எது லேசோ அதற்கே சுற்றைக் கொடுக்கும். அப்போது உள்ளே ஸ்டார் கியர்கள் தறிகெட்டுச் சுழலும். ஆயில் குறைவாக இருந்தால் சூடேறிச் சிலுவைத் தண்டில் பிடித்துக்கொள்ளும். சுற்றுகிற சக்கரம் திடீரென்று ஒரு காய்ந்த கல்லைப் பிடித்தால், எங்கள் பொம்மை அந்தரத்திலிருந்து விழுந்த அதே அடி. ஆயில் ஏன் குறைகிறது? ஹவுசிங் மேலே பிரீதர் என்று சுண்டு விரல் அளவு மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். சுண்ணாம்புத் தூசி அடைத்தால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வரும். அதைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம் போதும். நடை எண்ணிக்கையில் கூலி வாங்குகிற டிரைவர் அந்த ஐந்து நிமிஷத்தை எங்கிருந்து எடுப்பார்?

"அப்போ டிரைவர் எல்லாம் உத்தமனா?" என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். இல்லை. லோடோடு மேட்டில் கிளட்சைப் பட்டென்று விட்டுக் கிரவுனை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சித்தப்பாவே சொல்வார். ஆனால் அப்படி உடைந்தால் உடைந்த முகம் முழுக்கப் பொரபொரப்பாக இருக்கும், அலைக்கோடு இருக்காது. அதைப் பார்த்துச் சொல்லட்டும். பார்க்காமலே "நீ ஓட்டும்போதுதானே" என்பது என்ன நியாயம்? பழைய பேருந்தில் கடைசியாக ஏறியவனிடம் டயர் காசு கேட்கிற மாதிரி.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது: சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமானால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுக்க வேண்டும். 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. அதிக லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவருக்கும், அனுமதிக்கிறவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிரிவு எழுதியிருக்கிறது.

இதை எல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "சட்டம் பேசுனா நாளைக்கு வேற ஆளு ஸ்டியரிங்ல உக்காந்திருப்பான் தம்பி" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்த நம்பரு எங்கடா இருக்கு, காட்டு" என்றார். டார்ச் அடித்துக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டினவர்களுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். ஒருத்தர் எடுக்கவில்லை. இன்னொருத்தர் எடுத்தார், அரை மணி நேரம் பேசினார்கள். அவரிடமும் பழைய பினியன் துண்டு கிடக்கிறதாம், மாட்டுக் கொட்டகையில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாராம்.

இன்று காலை சித்தப்பா இரண்டு துண்டையும் பழைய வேட்டியில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெலில் முன்னாடி வைத்துக் கட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.